கேட்டு வாங்கிய முடிவு

கிருஷ்ணகிரி
4 ஜூலை 2024

அனுப்ரியா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் முகவரி எனக்குத் தெரியாது. பழைய நாவல் ஒன்றின் பின்னட்டையில் இருந்த சென்னைப் பதிப்பகத்துக்கு இதை அனுப்புகிறேன். தொலைபேசியில் கேட்டபோது கடிதம் வந்தால் உங்களிடம் சேர்ப்போம் என்றார்கள். எண்ணைக் கேட்டேன், யாருக்கும் தருவதில்லையாம்.

நான் உங்கள் வாசகி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என் தங்கை ரஞ்சிதா உங்கள் வாசகி. வயது நாற்பத்து நான்கு. ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் வேலை செய்தவள். சர்க்கரையால் முதலில் சிறுநீரகம் கெட்டது, பிறகு கண். இப்போது என்னோடு கிருஷ்ணகிரியில் இருக்கிறாள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். பார்வை அநேகமாக இல்லை. இணையத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் வருகிற உங்கள் ‘பி ஷிப்ட் நிலா’ தொடரை நான்தான் போனில் பார்த்து அவளுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

இருபத்தொன்பதாம் அத்தியாயத்தில் பிரகாஷ் பிரஸ் மெஷினில் அடிபட்டு விழுகிறான். அன்றிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் மிகைப்படுத்தவில்லை. “அவங்க கதையில இப்படி வந்ததே இல்லியேக்கா” என்று நாளுக்கு நாலு முறை சொல்கிறாள்.

போன வாரம் டாக்டரைத் தனியாகப் பார்த்தேன். இதயம் பலவீனமாகிவிட்டது என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். “நாங்க நாள் சொல்றதில்ல மேடம். தீபாவளிக்குப் புடவை எடுக்கறதா இருந்தா இப்பவே எடுத்துக் குடுத்துருங்க” என்றார்.

எனக்குத் தெரிய வேண்டியது இரண்டுதான். இன்னும் எத்தனை அத்தியாயம் இருக்கிறது? அவன் பிழைத்து சுவாதியைக் கல்யாணம் செய்துகொள்கிறானா? முடிவை எழுதி வைத்திருந்தால் ஒரு பிரதி அனுப்ப முடியுமா? வெளியே யாரிடமும் காட்ட மாட்டேன்.

கதையில் ஒருவன் பிழைப்பானா என்று விசாரித்து ஒரு கல்லூரிப் பேராசிரியை கடிதம் எழுதுவது எனக்கே விநோதமாக இருக்கிறது. மன்னிக்கவும்.

கோ. சரளா
இணைப் பேராசிரியர், தமிழ்த்துறை


ஓசூர்
15 ஜூலை 2024

பேராசிரியர் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பதினோரு நாள் கழித்துக் கைக்கு வந்தது. கையெழுத்தில் உங்கள் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமலே கொஞ்ச நேரம் வைத்திருந்தேன்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. எனக்கு உங்களைத் தெரியும். 2020 பிப்ரவரியில் உங்கள் கல்லூரியில் கருத்தரங்கம் நடந்தது. என் மகள் அப்போது அங்கே மூன்றாம் ஆண்டு. “உன் நாவலப் பத்தி ஒருத்தங்க கட்டுரை படிக்கிறாங்கம்மா, வாயேன்” என்று அழைத்துப் போனாள். யாரும் என் எழுத்தைப் பற்றிக் கட்டுரை படித்ததில்லை. நல்ல துணி உடுத்திக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குரலை மாற்றிக்கொண்டு என் ஒரு பக்கத்தைப் படித்தீர்கள். கம்பெனி பஸ்ஸில் அவள் தூங்குகிற சீட் ஆடாமல் இருக்க, கதாநாயகன் அட்டையை மடித்துக் காலுக்கடியில் வைக்கிற பக்கம். அரங்கம் சிரித்தது. பிறகு கேட்டீர்கள்: “இந்த ஓசூரில் எந்த மெஷினும் யார் கையையும் நசுக்குவதில்லை. யாரும் சாவதில்லை. இந்த ஓசூருக்கு எந்த பஸ் போகிறது?” அப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் பக்கத்தில் நான் இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. தலையைக் குனிந்துகொண்டாள். டீ வருமுன் நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

அதற்குப் பிறகு நான்கு நாவல் எழுதினேன். ஒவ்வொன்றிலும் கடைசி அத்தியாயத்தில் உங்கள் குரல் கேட்டது. இந்த முறை மெஷினை எழுதிவிட்டேன். நீங்கள் கேட்டதுதான் அம்மா. பிரகாஷ் பிழைக்க மாட்டான்.

நான் முன்கூட்டி எழுதி வைப்பதும் இல்லை. திங்கட்கிழமை நோட்டில் எழுதுவேன், மகள் டைப் செய்வாள், செவ்வாய் போகும். உங்களுக்கு அனுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை.

உங்கள் தங்கைக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள். அவரிடம் எனக்குக் கோபம் இல்லை.

அனுப்ரியா

பி.கு: இனி எழுதுவதாக இருந்தால் உறையின் பின்னால் உள்ள தபால் பெட்டி எண்ணுக்கு எழுதவும். போனில் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் சுவருக்கும் காது, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாத்தனாருக்கும் காது.


கிருஷ்ணகிரி
19 ஜூலை 2024

அன்புள்ள அனுப்ரியா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். பதில் எழுதத் தொடங்கிய தாள்களைக் கிழித்தும் போட்டேன்.

அன்று சொன்ன கருத்தைப் பெரும்பாலும் இன்றும் நம்புகிறேன். உங்களிடம் பொய் சொல்லி ஒரு முடிவு வாங்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் குரலை மாற்றிப் படித்தது தவறு. கட்டுரைக்கு அது தேவைப்படவில்லை. அரங்கம் சிரிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவ்வளவுதான். உங்கள் மகள் பக்கத்தில் இருந்திருக்கிறாள் என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. அவளிடமும் சொல்லுங்கள்.

அந்தப் பக்கத்தை நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொல்லவேண்டும். உங்கள் புத்தகம் எதையும் நான் வாங்கியதில்லை. ரஞ்சிதாவின் அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்தேன். அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தாள். தேட வேண்டிய வேலை மிச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் ஏன் கோடு போட்டாள் என்று அப்போது யோசிக்கவில்லை. யோசிக்க மறுத்தேன் என்பதுதான் சரி.

2003இல் அவளுக்கு இருபத்து மூன்று. அதே கம்பெனியில் வேலை செய்த சிவராஜ் என்பவரைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்பினாள். அத்திப்பள்ளிப் பக்கத்துக் கன்னடக்காரர், வேறு சாதி, கான்ட்ராக்ட் வேலை. நாங்கள் நாகரசம்பட்டியில் மாந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அப்பா கோவிந்தன் கோபக்காரர் அல்ல. “நீ படிச்ச பொண்ணு. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு. நீ சரின்னா சரி” என்று என்னை ஓசூருக்கு அனுப்பினார். நான் போய்ப் பார்த்தேன். வேண்டாம் என்றேன்.

ஆனால் அப்பா அவளிடம் தானே மறுத்ததாகச் சொல்லிவிட்டார். அக்கா தங்கைக்குள் பகை வேண்டாம் என்று நினைத்திருப்பார். அடுத்த வருடம் ஊத்தங்கரையில் விஜயகுமாருக்குக் கட்டிக் கொடுத்தோம். ஏழு வருடம். அவருக்கு இப்போது வேறு குடும்பம் இருக்கிறது. இவள் மறுபடி கம்பெனிக்குப் போனாள், பிறகு என்னிடம் வந்தாள்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அவளுக்கு இதுவரை உண்மை தெரியாது. நான் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இல்லாதவள் வேறு எதையாவது கொடுத்து ஈடுகட்டப் பார்ப்பாள் அல்லவா? அதுதான் இந்தக் கடிதங்கள். ஒரு நல்ல முடிவு கொடுங்கள். அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை என்பது தெரியும்.

சரளா


ஓசூர்
24 ஜூலை 2024

சரளா மேடம்,

நீங்கள் ஒன்றைச் சொன்னதால் நானும் ஒன்றைச் சொல்கிறேன். என் பெயர் காத்தூன். வீட்டுக்காரர் ஷௌகத் அலி, பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் லாரிக்கு சீட் கவர் தைக்கிற கடை வைத்திருக்கிறார். நான் எழுதுவது அவருக்குத் தெரியும். படிக்க மாட்டார், தடுக்கவும் மாட்டார். “முடிஞ்சுதா, சோறு வைக்கலாமா?” என்பார். முப்பது வருடத்தில் என் எழுத்தைப் பற்றி அவர் சொன்ன விமர்சனம் அதுதான்.

சீட்டுக்கடியில் அட்டை வைக்கிற மாதிரி எனக்கு யாரும் எதுவும் செய்ததில்லை. செய்திருந்தால் அதை எழுதத் தோன்றியிருக்காது.

என் வாசகிகள் ஏமாளிகள் என்று நினைக்கிறீர்கள். கட்டுரையிலும் அதுதான் இருந்தது. எட்டு மணி நேரம் நின்றுகொண்டு ஒரே இடத்தில் ஒரே ஸ்க்ரூவைப் போடுகிறவளுக்கு வாழ்க்கை எப்படி என்று யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஹாஸ்டலில் ஒரு புத்தகத்தை மூன்றாகக் கிழித்து வைத்துக்கொள்கிறார்கள் மேடம். ஏ ஷிப்ட்காரி முதல் பகுதியைப் படிக்கும்போது, வேலை முடிந்து வந்த சி ஷிப்ட்காரி கடைசிப் பகுதியைப் படிக்கிறாள். முடிவை முதலில் படித்துவிட்டு ஒரு வாரம் கழித்து ஆரம்பத்தைப் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எப்படி முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் வருகிறார்கள். ரம்ஜானுக்குப் புதுத்துணி எடுக்கிறவள் வருடம் முழுக்கப் பெருநாள் என்றா நினைக்கிறாள்?

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்தும் உங்கள் ஒரு சிரிப்புக்காக பிரகாஷை மெஷினில் தள்ளினேன். நான்கு வாரத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் தொடருக்குக் கீழே எழுதியிருக்கிறார்கள். ஒரு பெண், “அக்கா அவன் செத்தா உங்க வீட்டு முன்னாடி வந்து உக்காந்துக்குவேன்” என்கிறாள். வந்தால் ஷௌகத் அலிக்குத்தான் அதிர்ச்சி.

ஆனாலும் வாக்குக் கொடுக்க முடியாது. முப்பத்து மூன்று வரை எழுதிவிட்டேன். ஐசியூவில் இருக்கிறான். முன்பெல்லாம் எழுதும்போதே யார் பிழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது தெரியவில்லை. அது உங்களால் வந்தது என்று கோபமாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கோபம் அவ்வளவாக வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிவராஜைப் பார்த்தேன், வேண்டாம் என்றேன் என்று ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். ஏன் வேண்டாம்?

காத்தூன்


கிருஷ்ணகிரி
3 ஆகஸ்ட் 2024

அன்புள்ள காத்தூன் அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எழுத முடியவில்லை. வேறொன்று நடந்துவிட்டது. அதைச் சொல்கிறேன்.

முப்பத்து நான்காம் அத்தியாயம் வந்தது. டாக்டர் வெளியே வந்து, சுவாதியைப் பார்த்துத் தலையசைப்பதோடு நிறுத்தியிருந்தீர்கள். அதை நான் அவளுக்குப் படிக்கவில்லை. கல்லூரியில் விடைத்தாள் திருத்தவேண்டிய நேரத்தில் நானே ஆறு பக்கம் எழுதினேன். தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள், இருபத்தைந்து வருடம் இலக்கியம் கற்பித்தவள். ஒரு அத்தியாயம் எழுத எனக்கு வராதா என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை, போனைக் கையில் பிடித்தபடி, அதன் பின்னால் வைத்திருந்த தாளிலிருந்து படித்தேன்.

இரண்டாவது பக்கத்தில் கையைத் தூக்கினாள்.

“கொஞ்சம் நிறுத்துக்கா. இது யாரு எழுதுனது?”

“அனுப்ரியாதான்.”

“பொய் சொல்லாத. அவங்க கதையில யாரும் வாயால மன்னிப்பு கேக்க மாட்டாங்க. மனஸ்தாபம்னா அவன் பேசாம வந்து ஒழுகுற கொழாயச் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போவான். இவன் என்னாடான்னா ஆஸ்பத்திரியில படுத்துக்கினு ‘நம் உறவில் பரஸ்பர மரியாதை முக்கியம்’ங்கறான். எந்த பிரஸ் ஷாப்புலக்கா இப்படிப் பேசுறாங்க?”



“கண்ணாலம் எங்க நடக்குது உன் கதையில?”

“ரிஜிஸ்டர் ஆபீஸில்” என்றேன்.

அவள் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். டயாலிசிஸ் மையத்து பிரவீனா அன்று மருந்து கொண்டுவந்திருந்தாள். அவளிடம், “எங்க அக்கா எழுதுனா மாப்பிள்ளை பொண்ணுக்குத் தாலி கட்ட மாட்டான் பிரவீனா, ஆதார் கார்டு வாங்கிப் பாப்பான்” என்றாள். நானும் சிரித்துவிட்டேன். அந்த வீட்டில் நாங்கள் மூன்று பேர் ஒன்றாகச் சிரித்தது எனக்கு நினைவு தெரிந்து இல்லை.

பிரவீனா போன பிறகு, “அப்ப நெசத்துல அவன் செத்துட்டானா?” என்று கேட்டாள். இன்னும் தெரியாது என்றேன். அதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கடேசில நல்லாயிரும்னு தெரிஞ்சாத்தான்க்கா நடுவுல வர்ற அழுகைய பயப்படாம அழலாம். தெரியாம அழுவுறதுக்கு எதுக்குக் கதை, அதான் நம்ம ஊட்லயே இருக்குதே.”

என் கட்டுரை இருபத்திரண்டு பக்கம். இந்த வரி அதில் எங்கும் இல்லை.

சரளா


ஓசூர்
7 ஆகஸ்ட் 2024

சரளா மேடம்,

ஆதார் கார்டு வரியை என் மகள் சானியாவுக்குப் படித்துக் காட்டினேன். நான்கு வருடத்துக்குப் பிறகு அவள் உங்கள் பெயரைக் கேட்டுச் சிரித்தாள்.

குழாய் விஷயம் எனக்கே தெரியாது. நாற்பத்தொரு நாவலில் நான் எத்தனை குழாய் சரிசெய்ய வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பது. இரண்டு தையல் மெஷின், ஒரு மிக்ஸி. இதையெல்லாம் கவனித்து ஞாபகம் வைத்துக்கொள்ள ஒருத்தி இருந்திருக்கிறாள்.

இதனோடு கடைசி அத்தியாயம் வைத்திருக்கிறேன். முப்பத்தாறு. என் கையெழுத்துதான், படிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இன்னும் போடவில்லை. அவன் பிழைத்துவிட்டான். இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. அதை விட்டுவிட மனம் வரவில்லை, மெஷின் என்றால் மெஷின்தானே. கல்யாணம் மண்டபத்தில் நடக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீஸில் இல்லை.

நீங்கள் கேட்டதற்காக இல்லை என்று எழுத ஆசை. அது பொய். உங்களுக்காகவும் உங்கள் தங்கைக்காகவும்தான்.

சீக்கிரம் படித்துக் காட்டுங்கள்.

காத்தூன்


கிருஷ்ணகிரி
14 ஆகஸ்ட் 2024

அன்புள்ள காத்தூன்,

உங்கள் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். படிக்கவில்லை. நானும் படிக்கவில்லை, அவளுக்கும் படிக்கவில்லை. தவறு முழுவதும் என்னுடையது.

செவ்வாய்க்கிழமைவரை பொறுத்திருந்து, இணையத்தில் வந்தது என்று சொல்லிப் படித்திருக்கலாம். எனக்குப் பொறுக்கவில்லை. உறையை அவள் கையில் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். “இன்னா இது?” என்றாள். அனுப்ரியா தன் கைப்பட உனக்காக எழுதி அனுப்பியிருக்கிறார், நான் எழுதிக் கேட்டேன், பிரகாஷ் பிழைத்துவிட்டான் என்றேன். பரிசு வாங்கி வந்த பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தேன்.

அவள் உறையைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, “நீ போய்க் கேட்டியா?” என்றாள்.

“ஆமாம்.”

“அப்ப அவங்க அவன சாவடிக்கத்தான் இருந்தாங்க?”

“இருந்தார்கள். நான் சொன்னதும் மாற்றிவிட்டார்கள்.”

“அன்னிக்கும் நீதான போய்ப் பேசிட்டு வந்த” என்றாள்.

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா சாவதற்கு முந்தின மாதம் சொல்லியிருக்கிறார்: “சரளா பாத்துட்டு வேணான்னுட்டா, நான் இன்னா பண்ணட்டும்.” பதினோரு வருடமாகத் தெரியும். அதற்குப் பிறகுதான் என் வீட்டுக்கு வந்தாள். ஒன்பது வருடமாக ஒரே வீட்டில் சாப்பிட்டோம்.

“நான் கேட்டனா உன்ன? அப்பயும் கேக்கல, இப்பயும் கேக்கல. நீயே போற, நீயே பேசுற, நீயே ஒரு முடிவ வாங்கிக்கினு வர்ற. அப்ப ஒன்னு வேணான்னு வாங்கினு வந்த. இப்ப ஒன்னு வேணும்னு வாங்கினு வந்திருக்க. அவங்களா நெனச்சு அவனப் பொழைக்க வெச்சிருந்தா அது வேற. நீ கேட்டு வாங்குன முடிவு எனக்கு வேணாம்.”

சத்தம் போடவில்லை. உறையை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

ஆறு நாளாக என்னோடு பேசவில்லை. பிரவீனாவிடம் பேசுகிறாள். “அக்காகிட்ட தண்ணி கேளு” என்று அவள் மூலமாகத்தான் கேட்கிறாள்.

சரளா


ஓசூர்
19 ஆகஸ்ட் 2024

சரளா,

தாள்கள் வந்தன. நீங்கள் அனுப்பிய அன்றே வந்திருந்தால்கூட நான் ஒன்றும் செய்திருக்க முடியாது.

அதை மறுபடி படித்துப் பார்த்தேன். நன்றாக இல்லை. கேட்டதற்காக எழுதினேன், அதனால் எல்லோரும் அவசரமாகச் சந்தோஷப்படுகிறார்கள். உங்கள் தங்கை கண்டுபிடித்திருப்பார்.

தொடரை நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆசிரியருக்கு உடல்நலமில்லை என்று சானியா போட்டிருக்கிறாள்.

பேசினாரா என்று மட்டும் எழுதுங்கள். ஒரு வரி போதும்.

காத்தூன்


கிருஷ்ணகிரி
22 செப்டம்பர் 2024

அன்புள்ள காத்தூன்,

ரஞ்சிதா பதினோராம் தேதி, புதன்கிழமை காலையில் இறந்துவிட்டாள். காரியங்கள் நேற்றோடு முடிந்தன. நாகரசம்பட்டியிலிருந்து வந்தவர்கள் போய்விட்டார்கள்.

பேசினாளா என்று கேட்டிருந்தீர்கள். பேசினாள். ஒரு வரியில் எழுத முடியாததால் அப்போது எழுதவில்லை.

ஆகஸ்ட் இருபத்தொன்று என்று நினைக்கிறேன். டயாலிசிஸ் முடிந்து ஆட்டோவில் வந்துகொண்டிருந்தோம். பெங்களூர் சாலையில் லாரிகள் நின்றிருந்தன. அவள் திடீரென்று கேட்டாள்: “அவரு என்னா சட்டை போட்டிருந்தாரு?”

யார் என்று நான் கேட்கவில்லை. “நீலம். காலர் பின்பக்கம் நைந்திருந்தது” என்றேன்.

“ஆமா, அது ஒன்னுதான் நல்ல சட்டை அவருக்கு” என்றாள். பிறகு, “அப்புறம்?”

காத்தூன், நீங்கள் ஜூலையில் கேட்ட கேள்விக்கும் இதுதான் பதில். ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரில் ஒரு டீக்கடை. அவர் பெஞ்சைத் தன் துண்டால் துடைத்தார். “கூத்கொளி அக்கா” என்று கன்னடத்தில் உட்காரச் சொன்னார். எனக்குச் சர்க்கரை இல்லாத டீ சொன்னார், ரஞ்சிதா சொல்லிவைத்திருக்கிறாள். நான் குடித்து முடிக்கும்வரை தன் டம்ளரைத் தொடவில்லை. கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்னிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. “நைட் ஷிப்ட் பண்ணா ரஞ்சிதாவுக்குத் தலைவலி வருதக்கா. நான் சொன்னா கேக்கல. நீங்க சொன்னா ஷிப்ட் மாத்திக் கேப்பா. சொல்றீங்களா?”

எனக்கு அது நடிப்பாகப் பட்டது. ஒரு மனிதன், தன் வாழ்க்கையே தொங்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு பெண்ணின் தலைவலியைப் பற்றி மட்டும் பேசுவானா? இப்படியெல்லாம் நாவலில்தான் வரும் என்று நினைத்தேன். நாவலில் வருவதுபோல் இருந்ததால்தான் நம்பவில்லை. வேண்டாம் என்று சொல்ல என்னிடம் இருந்த காரணம் இவ்வளவுதான். சாதியும் கான்ட்ராக்ட் வேலையும் அப்பாவிடம் சொல்லத் தோதாக இருந்தன.

இவ்வளவையும் அவளிடம் சொன்னேன். ஆட்டோக்காரர் முனிசாமி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கச் சொல்லாமல் பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றார். தலைவலி என்ற இடம் வந்ததும் ரஞ்சிதா அழுதாள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. அவள் என் கையைத் தேடி எடுத்துக்கொண்டாள்.

“அப்புறம்?” என்றாள்.

“யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். பஸ் ஏறினேன்.”

“அப்புறம்?”

அப்புறம் எதுவும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். பார்வையில்லாத கண் என் பக்கமே இருந்தது.

“நாகரசம்பட்டியில் இறங்கி நேராகத் தோப்புக்குப் போனேன். அப்பா மருந்தடித்துக்கொண்டிருந்தார்” என்றேன். அதுவரை நிஜம். அதற்குப் பிறகு, “பையன் நல்லவன்ப்பா, ரஞ்சிதாவைக் கொடுக்கலாம் என்று சொன்னேன்” என்றேன்.

 மறுபடி கோபம் வந்துவிடும் என்று பயந்தேன்.

“அப்பா என்னா சொன்னாரு?” என்றாள்.

அப்படித்தான் தொடங்கியது. மூன்று வாரம், தினமும் சாயங்காலம் கொஞ்சம். குந்தாரப்பள்ளி மண்டபத்தில் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரில் வெல்லம் போட்டுவிட்டார்கள், ராஜாத்தி அத்தை, “இது சாம்பாரா பாயாசமா?” என்று இலையிலிருந்து எழுந்துவிட்டாள் என்றேன். “அத்தை எழுந்துக்காது. ரெண்டாவது வாட்டி வாங்கிச் சாப்ட்டுட்டுதான் திட்டும்” என்று திருத்தினாள். ஓசூரில் வாடகை வீடு எந்தப் பக்கம் பார்ப்பது என்பதில் இரண்டு நாள் சண்டை போட்டோம். தண்ணீர் வராத தெரு வேண்டாம் என்றாள். என்னை அடிக்கடி விருந்துக்கு வரவைத்தாள். நான் வந்தால் சிவராஜ் பயந்துபோய்த் தமிழை மறந்துவிடுகிறாராம். நான் எழுதவில்லை, காத்தூன். வாயால் சொன்னேன். பாதியை அவளே சொன்னாள்.

இதில் ஏதும் நடக்கவில்லை என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஒரு நாளாவது அவள் என்னை மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாயங்காலம் ஆனால், “எங்க விட்டோம்?” என்பாள்.

பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பெண் குழந்தை பிறந்தது. சிவராஜ் கம்பெனியில் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். மூச்சு வாங்கியதால் அவளால் அதிகம் பேச முடியவில்லை. “கொழந்தைக்கு என்னா பேரு வெச்சோம்?” என்றாள். நான் தடுமாறினேன். எதைச் சொன்னாலும் வருகைப்பதிவேட்டில் இருக்கிற பெயர் மாதிரியே வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். “நல்லதா யோசிச்சு வையி” என்றாள்.

காலையில் ஆறு மணிக்கு எழுப்பினேன்.

உங்கள் தொடரை உங்களுக்குத் தோன்றுகிறபடி முடியுங்கள். பிரகாஷ் விஷயத்தில் இனி நான் தலையிட மாட்டேன். ஆனால் உங்களிடம் இன்னொன்று கேட்க வேண்டியிருக்கிறது. நாற்பத்தொரு நாவலில் எத்தனையோ பேருக்குப் பெயர் வைத்திருப்பீர்கள். எனக்கு அது வரவில்லை. பத்து நாளாக யோசிக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது இருபது வயதுக்குப் பக்கம் இருக்கும். அவளுக்கு ஒரு பெயர் எழுதி அனுப்புங்கள்.

சரளா